ஆபரேஷன் முடிந்தும் முயல்கள் சண்டை போடுகின்றன, எப்போது சேர்த்து விடலாம்?

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி, 11 பிப்ரவரி 2024

எங்கள் ஆண் முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து பத்து நாள் ஆகிறது. தையல் நன்றாக ஆறிவிட்டது. நேற்றுதான் பெண் முயலோடு விட்டோம். விட்ட நிமிடமே அதன் மேல் ஏறிவிட்டான். அப்புறம் இரண்டும் சுற்றிச் சுற்றித் துரத்திக் கடித்துக்கொண்டன. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா? பெண்ணுக்கு இன்னும் எதுவும் செய்யவில்லை.

11 பிப்ரவரி, இரவு 10.20

ஆபரேஷனில் குறை இருக்காது. சீக்கிரம் சேர்த்துவிட்டீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து போய் இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

விதையை எடுத்த பிறகும் குழாயில் தங்கிய விந்து சில வாரம் வேலை செய்யும். சிலர் 4 வாரம் என்பார்கள், சிலர் 6 என்பார்கள். நான் 6 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்தப் பழைய குணமும் ரத்தத்திலிருந்து வடிய ஏறக்குறைய அவ்வளவு நாள் பிடிக்கும். பத்தாம் நாளில் உங்கள் முயல் தையல் போட்ட ஆண் முயல்தான், வேறு மாற்றம் எதுவும் ஆகியிருக்காது.

இன்னொன்று. நேற்றைய தேதியிலிருந்து 31 நாள் எண்ணி, மார்ச் 12-ஐ நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். முயலுக்கு நாய், மாடு மாதிரி பருவத்துக்கு வரும் கணக்கு கிடையாது. இணை சேர்ந்தால், சேர்ந்ததாலேயே, 10 முதல் 13 மணி நேரத்துக்குள் கருமுட்டை வெளியே வரும். ஒரு தடவைதானே, ஒரு நிமிடம்தானே என்ற ஆறுதலுக்கெல்லாம் இடமில்லை.

12 பிப்ரவரி, காலை 7.05

இது எப்படித் தெரியும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பட்டுத் தெரிந்தது.

2023 ஜூலையில் கோவையில் ஒரு சந்தையில் இரண்டு குட்டி வாங்கினோம். “ரெண்டுமே பொட்டைதானுங்க, சண்டை வராது” என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளைக்குப் பஞ்சு, பழுப்புக்குக் கருப்பட்டி என்று மகன் பெயர் வைத்தான். ஆண் குட்டிக்கு விதை கீழே இறங்கவே 10, 12 வாரம் ஆகும். இறங்கின பிறகும் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சின்னக் குட்டியைத் தூக்கிப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது பழகியவர்களுக்கே தவறும். விற்றவரை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் மாதம் மறுபடி தூக்கிப் பார்க்காமல் விட்டது என் தவறு.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 9, பஞ்சு தன் வயிற்று முடியைப் பிடுங்கி மூலையில் குவித்து அதற்குள் நாலு குட்டி போட்டிருந்தாள். கண் திறக்காமல், முடியில்லாமல், விரல் நீளத்துக்கு. நாங்கள் எல்லோரும் குட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கருப்பட்டியைத் தனிக் கூண்டுக்கு மாற்ற மறுநாள்தான் தோன்றியது. அந்த ஒரு நாள் போதுமாக இருந்திருக்கிறது. குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகும் உயிர் இது. டிசம்பர் 10, சரியாக 31-ஆம் நாள், இன்னும் ஐந்து குட்டி.

ஒன்பது குட்டிக்கும் வீடு தேடியது தனிக் கதை. கருப்பட்டிக்கு டிசம்பர் 2-ஆம் தேதி ஆபரேஷன் ஆனது. பஞ்சுவுக்குக் குட்டிகள் பால் மறந்தபின் இந்த மாதக் கடைசியில்.

14 பிப்ரவரி, மதியம்

“ஆணுக்குச் செய்தாயிற்று, குட்டி வராது, பெண்ணை எதற்கு அறுக்க வேண்டும்?” என்ற கேள்விக்கு.

பெண் முயலுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிக அதிகம். சில இனங்களில் நாலு வயதைத் தாண்டிய பெண்களில் பாதிக்கு மேல் வரும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். அதோடு, இடத்துக்காகச் சண்டை போடுவதில் பெண்தான் முந்தி நிற்பாள். வளை தோண்டுவதும் அதற்குள் குட்டி வளர்ப்பதும் அவள் வேலை, அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஹார்மோன் இருக்கும்வரை தன் கூண்டுக்குள் வரும் கையையே பஞ்சு அடிப்பாள். உறுமிக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் தூக்கி, பட்டென்று. சாப்பாடு வைக்கும் கைக்கும் அதேதான்.

வயதும் உடம்பும் பார்த்து டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம். அது வேறு விஷயம்.

24 பிப்ரவரி, இரவு

பஞ்சுவுக்கு இன்று ஆபரேஷன் முடிந்தது. 2 கிலோ 300 கிராம். விழித்துவிட்டாள்.

இதைக் கட்டாயம் எழுத வேண்டும். முதலில் விசாரித்த இடத்தில், “முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். நாய்க்கும் பூனைக்கும் அது சரி, மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் நின்றால்தான் ஆபத்து. அதனால் முயலைப் பட்டினி போடக் கூடாது. நான் வேறு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, “கண் விழித்ததும் சாப்பிட அதுக்குப் பிடிச்சது என்ன கொண்டுவந்திருக்கீங்க?” அப்போதே எனக்கு நெஞ்சு லேசானது. கொத்தமல்லியும் அருகம்புல்லும் ஒரு ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

முயலுக்கு எந்த டாக்டர் என்று தேடுகிறவர்கள், “முந்தின ராத்திரி சாப்பாடு கொடுக்கலாமா?” என்ற இந்த ஒரு கேள்வியைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். வரும் பதிலே போதும்.

25 பிப்ரவரி, அதிகாலை 2.40

சாப்பிட மறுக்கிறாள். முதுகை வளைத்து, காதை ஒட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி ஒரே இடத்தில் இருக்கிறாள். பல்லை நறநறவென்று கடிக்கிறாள். சுகமாக இருக்கும்போதும் முயல் பல்லை லேசாக உரசும், தடவிக்கொடுக்கும்போது கை விரலில் ஒரு அதிர்வாகத் தெரியும். இது அது இல்லை, இது வலி. டாக்டர் கொடுத்த வலி மருந்து மெலாக்சிகாம் அடுத்த வேளை காலையில்தான்.

பெல்லட் தீவனத்தைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாய் ஓரத்தில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறேன். ஒரு மில்லி, மெல்லட்டும், இன்னொரு மில்லி. டாக்டர் முன்கூட்டியே செய்து காட்டி அனுப்பியதால் பயமில்லை.

25 பிப்ரவரி, காலை 11.15

புழுக்கை போட்டுவிட்டாள்! ஏழு. மிளகை விடச் சின்னதாக, ஆனால் ஏழு. பின்னாலேயே கொத்தமல்லித் தண்டு ஒன்றைத் தானே இழுத்துத் தின்றாள். அத்தை சாமி அறையில் சூடம் ஏற்றிவிட்டு வந்து, “ஏன் அம்மிணி, புழுக்கைக்கு அழுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை” என்றார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

28 பிப்ரவரி

திருச்சிக்காரர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பெண் முயல் நேற்றிலிருந்து முடியைப் பிடுங்கி, வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு கூடு கட்டுகிறாளாம். குட்டி போடப் போகிறாளா என்று பதறுகிறார்.

எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி 10-லிருந்து நேற்று 17-ஆம் நாள். உண்மையான சினை என்றால் 28-ஆம் நாளுக்கு மேல்தான் கூடு கட்டத் தொடங்குவாள். 16, 18 நாளில் கட்டினால் அது பெரும்பாலும் பொய்ச்சினை. ஏறினது போதும், கரு தங்காவிட்டாலும் உடம்பு தங்கிவிட்டதாக நினைத்து எல்லாம் செய்யும். கூட்டைக் கலைக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் தானே விட்டுவிடுவாள். அந்த நாட்களில் கோபம் அதிகம் இருக்கும், கை நீட்டாதீர்கள். ஆனாலும் மார்ச் 12 வரைக்கும் அந்த வட்டத்தை அழிக்க வேண்டாம்.

3 மார்ச்

என் 11-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்துகிறேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் பயனில்லை. 6 வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். ஆறு வாரம் என்பது குட்டி வராது என்பதற்கான கணக்கு. குணம் மாற அதற்கு மேலும் ஆகலாம். கருப்பட்டிக்கு 13 வாரம் ஆகிவிட்டது. மூத்திரம் பீய்ச்சுவது ஐந்தாம் வாரத்திலேயே நின்றது. காலைச் சுற்றிச் சுற்றி வந்து “ம்ம்க் ம்ம்க்” என்று முனகுவது எட்டாம் வாரம் வரைக்கும் இருந்தது.

அத்தை இதைக் கேட்டுவிட்டு, “கிடாய்க்குக் காயடிச்சா மறுநாளே பசுவாட்டம் ஆயிருமா? ஒரு மாசம் ரெண்டு மாசம் முட்டிட்டுத்தான் இருக்கும்” என்றார். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து ஆட்டோடு வளர்ந்தவர். முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம்.

13 மார்ச்

திருச்சியில் குட்டி இல்லை. வட்டத்தை அழித்துக்கொள்ளலாம்.

17 மார்ச், இரவு

பஞ்சுவின் வயிற்றில் முடி வளர்ந்து தழும்பே தெரியவில்லை. மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் நேரில் விடுவேன். அதுவரை செய்வது இதுதான்: ஹாலில் இரண்டு கம்பித் தட்டிகளை ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தி, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ஒரே தட்டியாக வைத்தால் மூக்கையும் விரலையும் கடித்துவிடும். இரண்டு பேருக்கும் சாப்பாடு தட்டிக்குப் பக்கத்தில். தினமும் ஒருவர் படுத்த சாக்கை மற்றவர் பக்கம் போடுகிறேன். புழுக்கைத் தட்டையும் மாற்றி வைக்கிறேன்.

முயலுக்கு ஊர் என்பதே வாசனைதான். தாடைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. கதவு ஓரம், நாற்காலிக் கால், என் செருப்பு என்று எல்லாவற்றிலும் தாடையைத் தேய்ப்பது ‘இது என்னுடையது’ என்று எழுதி வைப்பதுதான். ஆஸ்திரேலியாவில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-களில் ரோமன் மைக்கிட்டோவிச் என்ற ஆய்வாளர் இதையே வருடக்கணக்கில் பார்த்தார். பெண்ணை விட ஆணுக்கு அந்தச் சுரப்பி பெரிது, கூட்டத்தில் மேல்கை உள்ள ஆணுக்கு இன்னும் பெரிது, தேய்ப்பதும் அதிகம். விதையை எடுத்தால் அது சுருங்கும். கருப்பட்டி முன்பு ஒரு சுற்று வந்தால் இருபது இடத்தில் தேய்ப்பான். இப்போது என் செருப்பு ஒன்றோடு விட்டுவிடுகிறான்.

23 மார்ச், மாலை 6.50

முதல் சந்திப்பு கெட்டுப்போனது. முடி பறந்தது. விவரம் நாளைக்கு எழுதுகிறேன், கை நடுங்குகிறது.

24 மார்ச்

என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன், யாராவது தப்பிக்கட்டும்.

குளியலறைக்கு வெளியே இருக்கும் சின்ன நடையில் விட்டேன். அது இருவருக்கும் புது இடம் என்று நினைத்தேன். முதல் ஒரு நிமிடம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி ஆளுக்கொரு சுவரை முகர்ந்தார்கள். அப்புறம் கருப்பட்டி போய்ப் பின்பக்கம் முகர்ந்து ஏறினான். பஞ்சு பொறுத்தாள். இறங்கினான், மறுபடி ஏறினான், இம்முறை தலைப்பக்கமாக. அங்கேயே நான் அவனைத் தூக்கியிருக்க வேண்டும். தலைமாடு கால்மாடு மாறி ஏறினால், கீழே இருப்பவள் கடிக்கும் இடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு கடிக்கப் போனாள், அவன் துள்ளி விலகினான். அவ்வளவுதான், ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கிற மாதிரி இரண்டும் வட்டமாகச் சுழன்றன. வெள்ளையும் பழுப்பும் ஒரே பந்தாகத் தெரிந்தது. சத்தமே இல்லை, நகம் தரையில் கீறுகிற ஒலி மட்டும். முறத்தை இடையில் செருகிப் பிரித்தேன். வெறுங்கையை விட்டிருந்தால் எலும்பு வரைக்கும் போயிருக்கும். பஞ்சுவின் காது நுனியில் ஒரு சின்னக் கிழிசல், கருப்பட்டிக்கு முதுகில் ரூபாய் அளவு வழுக்கை. ரத்தம் கொஞ்சம்தான்.

ராத்திரி யோசித்தபோதுதான் பிடிபட்டது. நவம்பரில் பஞ்சு குட்டி போட்ட மூலை அந்த நடையில்தான் இருக்கிறது. பினாயில் போட்டு நாலு தடவை துடைத்தேன் என்றாலும், எனக்கு அது கழுவின தரை, அவளுக்கு அது பிரசவ அறை. புது இடம் என்றால் இருவரில் யாருமே இதற்கு முன் கால் வைக்காத இடம்.

25 மார்ச்

ஏறுவதைப் பற்றித் தனியாக ஒன்று. ஆபரேஷன் ஆன பிறகும் ஏறுவார்கள். பெண்ணும் ஏறுவாள், ஆண் மேலேயே. அது ஆசையில் செய்வது இல்லை, இந்த வீட்டில் முதலில் யார் சொல் நடக்கும் என்று கேட்பது. பத்துப் பதினைந்து வினாடி விடலாம். கீழே இருப்பவர் பயந்து ஓடினாலோ, தலைப்பக்கம் ஏறினாலோ மெதுவாக இறக்கி விடுங்கள். அதட்டாதீர்கள். உங்களுக்கு அசிங்கமாகத் தெரியலாம், விருந்தாளி இருந்தால் சங்கடம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர்களுக்குள் பதில் கிடைக்காமல் எதுவும் நகராது.

26 மார்ச்

“இரண்டையும் ஒரே கூடையில் வைத்து ஆட்டோவில் ஊரைச் சுற்றுங்கள், பயத்தில் ஒட்டிக்கொள்ளும், பழகிவிடும்” என்று ஒருவர் சொல்கிறார். பலரும் செய்வதுதான், நானும் ஒரு காலத்தில் நம்பியதுதான். ஒட்டிக்கொள்வது உண்மை. ஆனால் பயந்தபோது அவன்தான் பக்கத்தில் இருந்தான் என்று அவள் நினைவில் வைத்தால் என்ன செய்வது? அதிகப் பயத்தில் முயலுக்குக் குடல் நின்றுவிடும், இதயமும் தாங்காது. பிப்ரவரி 25 ராத்திரியை நான் இன்னொரு தடவை பார்க்கத் தயாராக இல்லை.

31 மார்ச், ஞாயிறு

மேல் போர்ஷன் காலியாக இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு ஒரு அறையின் சாவி வாங்கினோம். வழுக்காமல் இருக்க இரண்டு பழைய ஜமுக்காளம் விரித்தேன். பத்து நிமிடம், அலாரம் வைத்து.

சண்டை இல்லை. ஏழாம் நிமிடம் பஞ்சு போய்க் கருப்பட்டியின் மூக்குக்கு முன்னால் தலையைத் தரையோடு தாழ்த்தி அப்படியே இருந்தாள். கும்பிடுகிற மாதிரி இருந்தது. மகன், “அம்மா, மன்னிப்புக் கேக்குறா” என்றான். நேர்மாறு, அது ‘என் நெற்றியை நக்கு’ என்கிற கட்டளை. கருப்பட்டியும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தன் தலையைத் தாழ்த்தினான். இரண்டு தலையும் தரையில், மூக்கோடு மூக்கு, யாரும் யாரையும் நக்கவில்லை. அலாரம் அடித்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். சண்டை வருவதற்கு முன் முடித்ததுதான் எனக்குப் பெரிசு.

4 ஏப்ரல்

பஞ்சுவின் நெற்றியில் பூவன் பழம் கொஞ்சம் தடவினேன். கருப்பட்டி நக்கினான். ஒரே கொண்டாட்டம்.

6 ஏப்ரல்

வாபஸ். அவன் பழத்தை நக்கினான், பஞ்சுவை நக்கவில்லை. இன்று பழம் தடவாமல் விட்டேன். நெற்றியை முகர்ந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு கிள்ளுக் கடி கொடுத்தான். பழக்குகிறேன் என்று ஏமாற்றத்தைப் பழக்கியிருக்கிறேன். இனிமேல் பழம் இருவருக்கும் தட்டில்தான், பக்கத்தில் பக்கத்தில்.

9 ஏப்ரல்

இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் அவசரம். ஒருவர் முயலுக்கு உண்ணி என்று நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போடலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. முயலை அது கொன்றுவிடலாம். வாய்வழி அமாக்சிசிலினும் கூடாது, குடலில் நல்ல கிருமி செத்து விஷமாகிவிடும். டாக்டரைப் பாருங்கள்.

16 ஏப்ரல், இரவு 9.30

நக்கினான்.

40 நிமிடம் விட்டிருந்தேன், 22-ஆம் நிமிடம். நான் சுவரில் சாய்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வழக்கம்போல் தலையைத் தாழ்த்தினாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். காலை நக்கியவன் அப்படியே நீட்டி அவள் கண்ணுக்கு மேலே இரண்டு தடவை நக்கினான், கைத்தவறாக நக்கிவிட்ட மாதிரி. நின்றான். பஞ்சு அசையவில்லை. மறுபடி நக்கினான். இம்முறை காது மடல், நெற்றி, மறு காது. மார்ச்சில் கிழிந்த அந்தக் காது நுனியையும் நக்கினான். பஞ்சுவின் கண் மெல்ல மூடியது, பல் லேசாக உரசுகிற ஒலி எனக்கே கேட்டது. உரித்த பயறு மடியில் இருந்து கொட்டியதைக் கூட அப்புறம்தான் பார்த்தேன்.

யார் சொல் நடக்கும் என்பது முடிவாகிவிட்டது. பஞ்சுதான். அவன் நக்குவான், அவள் நக்கப்படுவாள்.

21 ஏப்ரல்

“எங்கள் சோளக்காட்டில் ஓடுகிற முயல் தனியாகத்தானே திரிகிறது, இதை மட்டும் ஏன் ஜோடியாக வளர்க்க வேண்டும்?” நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றில்லை. நம் காட்டில் இருப்பது வேறு இனம். வளை தோண்டாது, புல்லில் பதுங்கும், குட்டி பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணும் இருக்கும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். நாம் வளர்ப்பது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து வந்த முயலின் வழி. வளைக்குள் கூட்டமாக வாழ்ந்தது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற முயல் வகைகளையும் வளர்க்கிறார்கள், அவையும் இந்த வழிதான். கூட்டத்தில் வாழ்கிற உயிருக்குத் துணையும் வேண்டும், எல்லையும் வேண்டும். சண்டையும் சேர்க்கையும் அங்கிருந்துதான் வருகின்றன.

28 ஏப்ரல்

இரண்டு நாளாக மேல் அறையிலேயே முழு நேரமும் ஒன்றாக. நேற்று ராத்திரி நானும் அங்கேயே பாய் போட்டுப் படுத்தேன். மூன்று மணிக்குத் தொம்மென்று ஒரு சத்தம், பின்காலால் தரையில் உதைத்தான். வெளியே பூனை. பஞ்சு ஓடிப்போய் அவன் விலாவோடு ஒட்டிக்கொண்டாள். சரி, இனிக் கீழே கொண்டுபோகலாம்.

கீழே ஹாலை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, கூண்டு, தட்டு எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டேன். நடையின் அந்த மூலையில் செருப்பு அலமாரி வைத்தாயிற்று.

9 மே

நாலு நாளாகக் கருப்பட்டி பஞ்சுவை நக்குவதில்லை. அவள் பக்கத்தில் வந்தால் எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கிறான். எல்லாம் போச்சு என்று நேற்று இங்கே எழுதி அழித்தேன்.

10 மே

கத்திரி வெயில்! அதுதான். முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். இந்த உஷ்ணத்தில் முடி போர்த்திய இன்னொரு உடம்பு ஒட்டிக்கொண்டு படுத்தால் யாருக்குப் பிடிக்கும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றி இரண்டு வைத்தேன். மொட்டை மாடியிலிருந்து பழைய தரை ஓடு நாலு கொண்டுவந்து நனைத்துப் போட்டேன். மாலை ஆறரைக்கு, ஜன்னலில் காற்று வந்தபிறகு, நக்கிக்கொண்டிருந்தான்.

2 ஜூன்

இன்னொரு தவறு, இதையும் எழுதிவிடுகிறேன். கருப்பட்டிக்குக் கண்ணில் நீர் வழிந்ததால் அவனை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோனேன். இரண்டு மணி நேரம்தான். திரும்பிவந்து விட்டதும் பஞ்சு முகர்ந்தாள், உறுமினாள், அடித்தாள். அவன் மேல் நாயும் மருந்தும் மணந்திருக்கிறது. அவளுக்கு அவன் புது ஆள். நல்லவேளை முறம் பக்கத்திலேயே இருந்தது. பஞ்சு படுத்த சாக்கால் அவனைத் துடைத்து, ராத்திரி தட்டி வைத்து, காலையில் மேல் அறையில் கால் மணி நேரம் விட்டு, மறுபடி சேர்ந்தார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டு பேரையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். ஆபரேஷனாக இருந்தாலும்.

ஆட்டோவைப் பற்றி நான் 26 மார்ச்சில் சொன்னது இதற்குப் பொருந்தாது. பழகின ஜோடிக்குக் கூட இருப்பவரே தைரியம்.

23 ஜூன்

திருச்சிப் பெண் முயலுக்கும் ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்து, நாலு வாரம் பொறுத்து, இப்போது இரண்டும் ஒரே சாக்கில் படுக்கின்றனவாம். படம் அனுப்பியிருக்கிறார், எது யாருடைய காது என்றே தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மட்டும் அவள் அவனை விடுவதில்லையாம், அதற்கு என்ன செய்வது என்று கேட்கிறார்.

கிண்ணத்தை இரண்டாக்குங்கள், அறைக்கு இந்த மூலை ஒன்று, அந்த மூலை ஒன்று. தண்ணீர்ச் சட்டியும் இரண்டு. காய்ந்த புல்லை மட்டும் ஒரே பெரிய தட்டில் நடுவில் குவியுங்கள், தீரவே தீராத அளவுக்கு. எங்கள் வீட்டில் அதன் நடுவில்தான் இப்போது இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பஞ்சு தின்கிறாள், கருப்பட்டி அவள் காதில் ஒட்டிய கொழுக்கட்டைப்புல்லின் கதிரை எடுத்துக்கொண்டிருக்கிறான்.